இரண்டு பேர் போதும்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும். இந்தப் பெஞ்சில் உட்காருங்கள். இங்கே சாரல் அடிக்காது.

ஜீப்பைப் பார்த்ததும் மீன்துறை ஆபீஸ் என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் புதிது போலிருக்கிறது. பழைய ஆபீசராக இருந்தால் இந்த வாசலுக்கு வந்திருக்க மாட்டார். இந்தக் கரையில் அவருக்கு பெர்க்மான்ஸ் வீடு ஒன்றுதான் தெரியும். சொந்தமாக ஒரு போட்டு வைத்திருக்கிறவன் வீடு அல்லவா. அந்த போட்டை இருபத்தைந்து வருஷம் ஓட்டினவன் வீடு எங்கே இருக்கிறது என்று யாருக்கு வேண்டும்.

பெர்க்மான்ஸ் அந்தச் சிலுவை நட்ட குருசடி பக்கம் நிற்கிறானா? நிற்பான். உங்களை அனுப்பிவிட்டு அங்கே நின்று பார்ப்பான். நேற்று அவனே வந்தான் சார். பொய் சொல்லக் கூடாது. இதோ, இந்தப் படியில் நின்று, "தாசையண்ணே, உங்க சொல்லுகளைச் சொல்லுங்க, பெட்டியைத் தெறக்கணும்" என்றான். நான் என்ன சொன்னேன்? கிளீட்டஸ் வந்து கேட்கட்டும், தருகிறேன் என்றேன். அவ்வளவுதான். தரமாட்டேன் என்று சொல்லவில்லையே. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

தெரியும் சார். கிளீட்டஸ் கடலில்தான் இருக்கிறான். எனக்குத் தெரியாதா. புயலுக்கு மற்ற போட்டெல்லாம் கரைக்கு வந்துவிட்டது, பெர்க்மான்ஸின் போட்டு மட்டும் வரவில்லை. கிளீட்டஸ்தான் டிரைவர். அவனோடு சேர்த்துப் பத்துப் பேர். எல்லாம் இந்தக் கரை ஆட்கள்தான். ரெண்டு பேர் எனக்குச் சொந்தம். கிளீட்டஸே சொந்தம்தான், என் வீட்டுக்காரி பிரகாசியின் அண்ணன் மகன். இந்த வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன். அதனால்தான் சொல்கிறேன், அவன் வந்து கேட்டிருக்க வேண்டும். கடலுக்குப் போகும் முன்னே வந்து கேட்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு அந்தப் பெட்டி விஷயத்தை ஒழுங்காக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

ஆழ்கடலில் எங்கே வேண்டுமானாலும் மீன் கிடைக்காது சார். அடியில் பார் இருக்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் பாறை மேடு. அங்கேதான் கலவாயும் விளமீனும் கூட்டமாக நிற்கும். நங்கூரமும் அங்கேதான் பிடிக்கும். சுற்றிலும் கிடுகிடு ஆழம், கயிறு எட்டாது. ஒரு பார் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். அதனால் யாரும் யாருக்கும் சொல்ல மாட்டான். பாரை நெருங்கும்போது டிரைவர் ஒரு குரல் கொடுப்பான், போட்டில் உள்ள எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஜிபிஎஸ் மெஷின் மேலே ஒரு துண்டைப் போட்டுவிடுவோம். வயர்லெஸ்ஸில் டிகிரி, மினிட் எதையும் சொல்வது கிடையாது, கேட்டுக்கொண்டிருக்கிற மற்ற போட்டு எல்லாம் வந்துவிடும். நம்பர் மட்டும் சொல்வோம். மூன்றில் நிற்கிறோம், ஐந்தில் நிற்கிறோம் என்று. கரையில் இருக்கிற முதலாளிக்கு அது போதும்.

ஏழாம் நம்பர் என்னுடையது. ஜிபிஎஸ் எல்லாம் வராத காலத்தில் நான் கண்டுபிடித்தது. ஈயக்குண்டின் அடியில் சோப்பைத் தடவிக் கயிற்றில் விட்டு, அது கொண்டுவந்த மணலையும் சிப்பித் துண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. அப்போது இந்தக் கிளீட்டஸ் பிறக்கவே இல்லை.

என்னை போட்டிலிருந்து இறக்கினார்கள். வயதாகிவிட்டதாம். ராத்திரியில் ஒரு கப்பலை நான் கொஞ்சம் பக்கத்தில் விட்டுவிட்டேன், உண்மைதான். இடிக்கவில்லையே. அதற்குத் துறைமுகத்தில், மீன் எடுக்க வந்த பெண்கள் எல்லாம் நிற்கும்போது, இந்தக் கிளீட்டஸ் என்ன சொன்னான் தெரியுமா? "மாமா, ராத்திரி உங்களுக்குக் கண்ணு புடிக்கல. பத்துப் பேரு உசுரு. இனி நீங்க கரையில இருங்க, நான் பாத்துக்கிடுதேன்." கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ஊரில் எல்லோரும் அவனை நல்ல பையன் என்கிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் அவமானம் இல்லை என்று ஆகிவிடுமா?

நான் இறங்கும்போது மெஷினில் இருந்த பார்களை எல்லாம் அழித்துவிட்டேன். அது என் உரிமை. ஆனால் பெர்க்மான்ஸ் மீனவர் சங்கத்தில் பிராது கொடுத்துவிட்டான், "டீசலுக்குக் காசு நான் போட்டேன், பாதிப் பார் என்னுடையது" என்று. பெரிய வழக்காகிவிட்டது. அப்போதுதான் அவன் மருமகன் லிஜோ ஷார்ஜாவிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர் வேலை. அவன்தான் சங்கத்தில் உட்கார்ந்து இந்த யோசனையைச் சொன்னான். எல்லாப் பார்களையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாம். பெட்டி என்றால் மரப்பெட்டி இல்லை சார், போனுக்குள்ளே இருக்கிற பெட்டி. அதற்கு ஒரு சாவி. அந்தச் சாவியை மூன்று பங்காக ஆக்கி பெர்க்மான்ஸுக்கு ஒன்று, கிளீட்டஸுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பங்கு என்றால் வரிசையாகச் சில சொற்கள், அவ்வளவுதான். ஒருவன் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, பாதிகூடத் திறக்காது, எட்டிக்கூடப் பார்க்க முடியாது. எந்த இரண்டு பேர் சேர்ந்தாலும் திறக்கும்.

நான் அப்போதே கேட்டேன். "இரண்டு பேரு போதும்னா மூணாவது ஆளு எதுக்கு?"

லிஜோ சிரித்தான். "யாருக்காவது ஒண்ணு ஆயிட்டா மத்த ரெண்டு பேரு தெறக்கலாம்லா. கடல் தொழிலு. அதுக்குத்தான் மூணு."

"மூணு பேரும் சேர்ந்தாத்தான் தெறக்கும்னு வையி" என்றேன்.

"அப்படி வச்சா, ஒராளு போனா பெட்டியும் போச்சு."

சங்கத்தில் எல்லோரும் லிஜோ சொல்வதுதான் சரி என்றார்கள். எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது சார். முதலாளி ஒரு ஆள், டிரைவர் ஒரு ஆள். அவர்கள் இரண்டு பேரும் எப்போதும் சேர்ந்துதான் இருப்பார்கள். இரண்டு பேர் போதும் என்றால் வேண்டாத ஆள் யார்? மரியாதைக்கு ஒரு பங்கு கொடுத்து மூலையில் உட்கார வைத்தார்கள். கல்யாண வீட்டில் கிழவனுக்கு முதல் வெற்றிலை கொடுத்துவிட்டுப் பிறகு அவனைத் திரும்பிப் பார்க்காமல் போவார்களே, அது மாதிரி.

அப்படியேதான் நடந்தது. போன மாசம் கிளீட்டஸுக்கு ஏழாம் நம்பர் தேவைப்பட்டது. மற்ற பார்களில் மீன் இல்லை. அவனும் பெர்க்மான்ஸும் சேர்ந்து பெட்டியைத் திறந்தார்கள். அந்த ஏழாம் நம்பரை அவன் தன் போட்டில் இருக்கிற மெஷினில் ஏற்றிக்கொண்டான். பெர்க்மான்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். அதில் அவன் ஒழுங்கு, நான் குறை சொல்ல மாட்டேன், முறை தெரிந்தவன். அதனால்தான் இப்போது அவனுக்கு ஏழு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் என் பாரைத் திறக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? இந்த வாசல் வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போனார்கள். என் வீட்டுக்காரியிடம் "போயிட்டு வாறேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் போகிறான். என்னிடம் சொல்லவில்லை. நான் உள்ளே படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்தானாம். எழுப்ப வேண்டியதுதானே.

மீனும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் கறிக்கு மீன் கொண்டுவருவான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசித் தடவை நான் டீக்கடைக்குப் போயிருந்தேன், பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். கதவில் மாட்டுவதற்கு இது என்ன பால் பாக்கெட் போடுகிற வீடா? அதை நான் பூனைக்குப் போட்டுவிட்டேன். பிரகாசி அன்றைக்கு என்னோடு பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. நேற்றிலிருந்து அவள் வீட்டுக்குள் வரவே இல்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. குருசடியில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எப்போதும் அண்ணன் வீட்டுப் பக்கம்தான் மனசு.

போனை அடிக்கடி பார்க்காதீர்கள் சார். சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன். ஹெலிகாப்டர் எங்கே தேடுவது என்று கேட்கிறார்கள், அதுதானே? கடல் பெரிது. ஆமாம். மேற்கே என்று மட்டும் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? ஒரு இடம் வேண்டும். அந்த இடத்திலிருந்து காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டுத் தேடுவார்கள். எனக்கும் அது தெரியும்.

வயர்லெஸ்ஸில் என்ன சொன்னான் என்று உங்களுக்குச் சொன்னார்களா? முழுவதும் சொல்லியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் எங்கேயோ போன வேறு கரை போட்டு ஒன்று கேட்டுவிட்டு வந்து சொன்னது. எஞ்சின் நின்றுவிட்டது. ஏழில் நிற்கிறோம். நங்கூரம் போட்டோம். இருக்கிற கயிறு முழுவதும் விட்டாயிற்று, தரை தட்டவில்லை. இங்கே பார் இல்லை. மாமாவிடம் கேளுங்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

மாமாவிடம் கேளுங்கள் என்று சொன்னானாம். அப்படியானால் அவன் கேட்டுவிட்டானே என்கிறீர்கள். வயர்லெஸ்ஸில் கேட்பது கேட்பதா சார்? ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, இன்னொருத்தன் வாயால்?

தரை தட்டாது சார். எப்படித் தட்டும்? அங்கே பார் கிடையாது.

அப்படிப் பார்க்காதீர்கள். பெட்டியில் போடும்போது ஏழாம் நம்பரை எவன் நேராகச் சொல்வான்? என் அப்பா எனக்கே நேராகச் சொன்னதில்லை. கேட்டால் ஒரு பக்கம் தள்ளித்தான் சொல்வார். பிறகு நாம் கூடவே போய், பணிந்து நடந்து, அவர் மனசு கனிந்தால், "கொஞ்சம் வடக்கே ஒதுங்கு" என்று ஒரு நாள் சொல்வார். அப்படித்தான் பார் கைமாறும். லிஜோ கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, "மாமா, ஏழு சொல்லுங்க" என்றான். வாயில் வந்ததைச் சொன்னேன். ஏதோ ஒரு டிகிரி, ஏதோ ஒரு மினிட். அறையில் அவனும் நானும் மட்டும்தான். அவன் தட்டிக்கொண்டான். பூட்டு எவ்வளவு பெரிய பூட்டு, யாராலும் உடைக்க முடியாது என்று அவன் சங்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். 

நான் நினைத்தது இவ்வளவுதான். ஒரு நாள் இவர்கள் என்னை விட்டுவிட்டு ஏழாம் நம்பரைத் திறப்பார்கள். போவார்கள். தண்ணீரில் தூண்டில் போட்டுவிட்டு வெறும் கையோடு வருவார்கள். அப்போது கிளீட்டஸ் இந்தப் படியில் வந்து நிற்பான். "மாமா, ஏழு எங்க இருக்கு?" என்று கேட்பான். நான் உடனே சொல்ல மாட்டேன். உட்கார், காப்பி குடி என்பேன். பிறகு சொல்வேன். அதற்குத்தான் சார் காத்திருந்தேன். இதில் புயல் எங்கிருந்து வந்தது? எஞ்சின் எப்படி நின்றது? எஞ்சினை நானா நிறுத்தினேன்? டிரைவர் அல்லவா எஞ்சினைப் பார்த்துக்கொள்ள வேண்டும். என் காலத்தில் ஒரு தடவைகூட நின்றதில்லை.

அவன் இப்போதும் வருவான். எனக்குத் தெரியும். இதைவிடப் பெரிய காற்றில் நான் வந்திருக்கிறேன். நங்கூரம் பிடித்திருந்தால் பிரச்சினையே இல்லை, தலையைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு அப்படியே கிடக்கலாம். பிடிக்கவில்லை என்றால் போட்டு குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பினால் அலை பக்கவாட்டில் அடிக்கும். அதெல்லாம் வேண்டாம், பேசவேண்டாம்.

சரி. தருகிறேன். பெர்க்மான்ஸுக்காக இல்லை. நீங்கள் வெளியே நின்று "ஐயா இருக்கீங்களா" என்று கூப்பிட்டீர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தீர்கள், அதற்காக. ஆனால் ஒன்று. பெட்டி திறந்ததும் ஏழாம் நம்பரை மட்டும் நீங்கள் பார்த்து, நீங்களே ஹெலிகாப்டருக்குச் சொல்ல வேண்டும். இது யார் சொன்ன நம்பர் என்று அந்தக் குருசடியில் யாரிடமும் சொல்லக் கூடாது. ஏழு மாறிப்போயிருக்கிறது, கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லிவிடுங்கள். பிரகாசியிடம் மட்டுமாவது அப்படிச் சொல்லுங்கள்.

அது பெர்க்மான்ஸின் போன்தானே? அவன் பங்கைப் போட்டுத் தந்துவிட்டானா? நல்லது. இனி என் சொற்கள் மட்டும்தான். இருபது சொல். லிஜோ தமிழிலேயே வைத்துக் கொடுத்தான். தாளில் எழுதித்தான் கொடுத்தான், பத்திரமாக வையுங்கள் மாமா என்று. தாளை இந்த வீட்டில் எங்கே வைப்பது? பிரகாசிக்கு வாசிக்கத் தெரியும், அவள் அண்ணன் மக்களுக்கும் தெரியும். மனப்பாடம் செய்துகொண்டு அடுப்பில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஜெபமாலை உருட்டும்போது ஒரு மணிக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொள்வேன். மறக்கவே மறக்காது.

அடியுங்கள். குடை. கிணறு. ஆணி. தவிடு. மாடம். கொக்கு. சாம்பல். ஏணி. பானை. நார். வெள்ளி. தூண். எறும்பு. கதவு. முருங்கை. பாய். சுக்கு. வண்டி. உலை. தேன்.

திறந்ததா?

தப்பு என்கிறதா? நீங்கள் சரியாக அடித்தீர்களா? எழுத்துப் பிழை இருக்கும். காட்டுங்கள். எனக்குக் கண் தெரியாது, நீங்களே வாசியுங்கள். ம். ம். சரிதான். எல்லாம் நான் சொன்னதுதான். இன்னொரு தடவை போடுங்கள்.

இருங்கள். இருங்கள் சார். நான் யோசிக்கட்டும்.

சாயங்காலம் நான் வாய்விட்டுத்தான் சொல்வேன், மனசுக்குள் சொன்னால் எனக்கு ஓடாது. பிரகாசி அந்த அறையில் இருப்பாள். அவள் காதில் விழும். அதனால் நேராகச் சொல்ல மாட்டேன். ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சொல்வேன், சரியானதை மனசில் வைத்துக்கொள்வேன். தினமும் அதே சொல்லை மாற்றினால் கண்டுபிடித்துவிடுவாள், அதனால் ஒரு நாள் ஒன்று, இன்னொரு நாள் வேறொன்று. கிணறு என்பதற்குக் குளம் என்பேன். சாம்பல் என்பதற்கு… சாம்பலே நான் மாற்றிப் போட்டதா? முதலில் அது சுண்ணாம்பாக இருந்ததா?

லிஜோவைப் போனில் கூப்பிடுங்கள். என்ன சொல்கிறான்? எந்தச் சொல் தப்பு என்று அது காட்டாதா? மொத்தமாகத் தப்பு என்று மட்டும்தான் சொல்லுமா? என்ன பூட்டு அது. வைத்தவனுக்கே தெரியாத பூட்டு. எத்தனை சொல் தப்பு என்று கேட்கிறானா? ஒன்றுதான். இரண்டு இருக்கலாம். மூன்று இருக்காது சார். தாள் இருக்கிறதா என்று எத்தனை தடவை கேட்பான், அதுதான் அடுப்பில் போய்விட்டது என்று சொன்னேனே.

பெட்டி கிடக்கட்டும், அன்றைக்கு வாயால் சொன்ன நம்பரைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். உண்மையான ஏழாம் நம்பரைக் கேளுங்கள் சார், சொல்கிறேன். கண்ணைக் கட்டிக் கடலில் விட்டாலும் போய் நிற்பேன். மணல் என்ன நிறம், எத்தனை பாகம் ஆழம், எந்த மாசம் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எல்லாம் சொல்வேன். அது அவர்களுக்கு உதவாது, தெரியும், அவர்கள் அங்கே இல்லை. அவர்கள் நிற்பது நான் சொன்ன இடத்தில். அது அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. எட்டு டிகிரி என்று தொடங்கினேன். ஒருவேளை ஒன்பதா? இல்லாத இடத்தை யாராவது மனசில் வைத்திருப்பார்களா? எவ்வளவு தள்ளிச் சொன்னேன், எந்தப் பக்கம் தள்ளிச் சொன்னேன், அது எனக்கு எப்படித் தெரியும்? தட்டின லிஜோவுக்கும் நினைவில்லையாம். அது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை.

எழுந்திருக்காதீர்கள் சார். காற்று திரும்பிவிட்டது, கவனித்தீர்களா, இப்போது தெற்கிலிருந்து அடிக்கிறது. இனி நேரம் ஆகும். உட்காருங்கள். போனை அவர்களிடம் கொடுக்காதீர்கள், என் சொல் எல்லாம் அதில் இருக்கிறது.

குருசடியில் இருந்து வருகிறார்களா? எல்லோருமா? பிரகாசியும் வருகிறாளா? அவர்களை வாசலில் நிற்கச் சொல்லுங்கள். நாம் இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லுங்கள். சாம்பலை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு போடுங்கள். போட்டீர்களா? இல்லையா? அப்படியானால் சாம்பல் இருக்கட்டும், தவிட்டை மாற்றுங்கள். தவிடு இல்லை, உமி. உமி போட்டுப் பாருங்கள் சார். உமிதான் என்று நினைக்கிறேன்.